காற்றினால் ஒரு கதவு

கார்த்திகை பிறந்துவிட்டால் வன்னிநாட்டில் மாலையில் விளக்கேற்றுவதற்கே அஞ்சவேண்டும். முதல்நாட் பெய்த மழையில் ஊறிய புற்றுக்களிலிருந்து புறப்படும் ஈசற்கூட்டம் பொழுது படுமுன்னரே வாசலில் வந்து நிற்கும். ஈசலைத் தொடர்ந்து வயல்வண்டு வரும்; அந்து வரும்; வெட்டுக்கிளி வரும். இவற்றுக்கெல்லாம் பின்னே, ஆரவாரம் எதுவுமின்றி, நுளம்பு வரும். எங்கள் பிராசீன பாடசாலையில் பாலபண்டிதர் வகுப்பு மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடிவது. மழைக்காலத்து மாணவர்கள் ஒரு கையில் நூலும் மறு கையில் விசிறியுமாகத்தான் இலக்கணம் கற்கிறார்கள். ஏட்டின்மேல் விழுந்த ஈசற்சிறகைக் குற்றெழுத்தென்று மயங்கி வாசித்த மாணவனும் உளன்.

இந்த அவலத்தைக் கேள்வியுற்ற எங்கள் பழைய மாணவர் ஒருவர், கனடா நாட்டில் வாழ்பவர், சென்ற ஆண்டில் ஊருக்கு வந்திருந்தார். வகுப்பறையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தார். மறுநாட் காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஐயா, வவுனியாவிலை ஒரு கடையிலை பாத்தனான். வாசலுக்கு மேலை ஒரு பெட்டி. கதவு திறந்தபடிதான் கிடக்கு. ஆனா ஒரு இலையான் உள்ளை போகேல்லை. எங்கடை வாசிகசாலைக்கும் அதைப் பூட்டுவம். காசு நான் தாறன்.”

அவர் தருவதாகச் சொன்ன தொகை ஓரிலட்சம் ரூபா. வாசிகசாலை என்று அவர் சொன்ன மண்டபத்திலேதான் வகுப்பும் நடைபெறுகின்றது. அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அவர் சொன்னபோது, அதன் பொருள் காற்றுத்திரை என்பதறிந்து, பெட்டியைப் பார்க்குமுன்னரே நான் அதன் வசமாகிவிட்டேன். பண்டிதர்களுக்கு இது பழைய நோய். பொருளை ஆராயுமுன் சொல்லை ஆராயத் தொடங்கிவிடுவோம். திரை என்னுஞ்சொல் அலையையுங் குறிக்கும், முகத்துச் சுருக்கத்தையுங் குறிக்கும், மறைக்குந் துணியையுங் குறிக்கும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கின் திரைச்சீலைகள் மூவகையாகப் பேசப்படுகின்றன: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்பன அவை. ஒன்று ஒரு பக்கத்திலிருந்து வருவது. ஒன்று இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது. மற்றொன்று மேலே கரந்திருந்து இறங்குவது. மேலே ஒளிந்திருந்து கீழே இறங்கி, இறங்கிய பின்னும் கண்ணுக்குப் புலனாகாத இந்தக் காற்றுத்திரையைக் காட்டிலும் கரந்துவரல் எழினி என்ற பெயருக்கு உரியது வேறெது என்று எண்ணி இரவெல்லாம் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு நான் கொடுத்த விலையைப் பின்னர்ச் சொல்வேன்.

கருவியின் வரலாறு நூற்றாண்டு கடந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தவராகிய தியோபிலஸ் வான் கானல் என்பார் 1888ஆம் ஆண்டில் சுழற்கதவுக்குக் காப்புரிமை பெற்றவர். அவரே 1904ஆம் ஆண்டில் காற்றுத்திரைக்கும் காப்புரிமை பெற்றார். கதவைச் சுழலவைத்தவரே கதவைக் காற்றாக்கவும் எண்ணினார் என்பது சுவையான செய்தி. தொடக்கத்தில் இதன் நோக்கம் பூச்சியன்று. குளிர்நாட்டுக் கட்டடங்களின் உள்ளே உள்ள சூடு வாயில்வழியே வெளியேறாது காப்பதே. வெப்பநாடுகளில் அறையின் குளிர்ச்சியைக் காக்க அதே கருவி பயன்பட்டது. பூச்சி தடுக்கும் வேலை அதற்குப் பின்னர் வாய்த்த உத்தியோகம். இறைச்சிக்கூடம், உணவு ஆக்கும் தொழிற்சாலை, களஞ்சியம், மருந்துச்சாலை ஆகிய இடங்களில் இன்று அது காவல் நிற்கின்றது.

அமைப்பு எளியது. வாயில் நிலைக்கு மேலே, வாயிலின் அகலத்துக்குக் குறையாத நீளத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மின்னோடியும் விசிறிகளும். பெட்டியின் அடியில் நீண்ட வாய். அவ்வாய்வழியே காற்று தகடுபோல இறங்கித் தரையைத் தொடவேண்டும். தொட்டபின் பெரும்பகுதி வெளிப்புறமாகப் பரவவேண்டும். ஆதலின் வாயைச் சற்றே வெளிநோக்கிச் சரித்து வைப்பர். வேகம் இங்கே முக்கியம். அமெரிக்க நாட்டில் உணவு கையாளும் இடங்களுக்கு வகுத்த அளவுகோல், பண்டம் ஏற்றி இறக்கும் வாயிலில் தரையிலிருந்து 3 அடி உயரத்திலே காற்று நிமிடத்துக்கு 1600 அடி வேகத்தில் ஓடவேண்டும் என்கிறது. மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீற்றர். நுளம்பு பறக்கும் வேகமோ மணிக்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர். நாம் நடக்கும் வேகத்திலும் குறைவு. யானைமுன் எறும்பு என்பது இங்கே உவமையன்று, கணக்கு.

நுளம்பு காற்றைக் கண்டு விலகுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2003ஆம் ஆண்டில் ஹொஃப்மன், மில்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இதை விளக்கிற்று. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவும் மேனியின் மணமும் காற்றில் ஒரு நூல்போலச் சென்று நுளம்பை அழைத்துவருகின்றன. விசிறிக்காற்று நுளம்பின் சிறகைத் தடுப்பதினும் அந்த நூலை அறுத்துவிடுவதே பெரிதென்று அவர்கள் கண்டார்கள். வழி தெரியாத விருந்தாளி வீட்டுக்கு வரமுடியாதல்லவா? இதைப் படித்தபோது எங்கள் பாட்டியார் பனையோலை விசிறியை ஓயாது அசைத்துக்கொண்டிருந்ததன் நுட்பம் விளங்கிற்று.

வவுனியாவுக்கு ஒருநாட் போய் அந்தக் கடையின் வாசலில் நின்று பார்த்தேன். சால்வையின் ஒரு முனையைப் பெட்டிக்குக் கீழே நீட்டினேன். அது வெளிப்புறமாக வீசி நின்றது. முழந்தாள் உயரத்திற் பிடித்தேன், நின்றது. கணுக்காலருகே பிடித்தபோது தளர்ந்து ஆடிற்று. கடைக்காரர் என்னை ஐயத்தோடு நோக்கி, “ஐயாவுக்கு என்ன வேணும்?” என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல நாணி, ஒரு சவர்க்காரக்கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவு அக்கறை ஒரு முதியவனுக்கு ஏன் என்று வாசகர் வினவலாம். வன்னியில் நுளம்பு என்பது வெறுந் தொல்லையின் பெயரன்று.

வன்னி மாவட்டங்களின் கைந்நூலை 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி காலத்திலும், அதற்கு முன்பும் பின்பும், காய்ச்சல் இந்நிலத்தின் மறைமுக அரசனாயிருந்தது. தூர்ந்த குளங்களும் குடியற்ற ஊர்களும் அதற்குத் திறை செலுத்தின. 1934-35இல் இலங்கை முழுவதையும் உலுக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. அக்கொள்ளையின் கொடுமை மிக்கிருந்தது ஈரவலயத்தின் ஓரத்திலே எனினும், வறண்டவலயத்து மக்களாகிய நமக்கு அஃது ஆண்டுதோறும் வந்த உறவினன். 1946இல் டி.டி.ரி. மருந்தடிக்கத் தொடங்கிய பின் நோய் மளமளவென்று இறங்கி, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரே நோயாளர் என்னும் நிலைமைக்கு வந்தது. பகைவன் இறந்தான் என்று காவலர் உறங்கினர். 1968-69இல் இலட்சக்கணக்கானோர் மீண்டும் பாயில் விழுந்தனர். மருந்து 1970களின் பிற்பகுதியில் மலத்தியனாக மாறியது. அதன் நாற்றம் என் பள்ளிப்பருவத்து நாற்றம். மருந்தடிக்க வருகிறார்கள் என்றால் அம்மா உப்புப்போத்தல் முதலாக எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்து வைப்பார்.

1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரத்தைவிட்டு இடம்பெயர்ந்தவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அக்கராயன் காட்டோரத்தில் நான்கு கம்பு நட்டு, மேலே தறப்பாள் இழுத்து, அதனுள் ஆறு பேர் இருந்தோம். சுவரில்லை, ஆதலாற் கதவுமில்லை. ஜாம்போத்தலில் திரிபோட்டு எரித்த விளக்கு ஒன்று. மாலையானதும் அப்பா வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை எழுப்புவார். மாட்டுப்பட்டிக்குப் போடும் புகையைத் தம் பிள்ளைகளுக்குப் போடவேண்டி வந்ததே என்று ஒருநாள் சொன்னார். பின்னர் அதைச் சொல்லவில்லை. புகை உள்ளவரை நுளம்பு இல்லை. புகை உள்ளவரை நித்திரையும் இல்லை. நள்ளிரவில் புகை அவியும். என் கடைசித் தங்கைக்கு அப்போது பதினொரு வயது. காய்ச்சல் வந்தது, ஒருநாள் விட்டது, மீண்டும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது வலிப்புக் கண்டது. மூளைக்கு ஏறிய மலேரியா என்றார்கள். மாட்டுவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். விடியுமுன் அவள் போய்விட்டாள். அவளுடைய நான்காம் வகுப்புப் பாலபோதினி வெகுநாள்வரை தறப்பாளின் வளைவிற் செருகியபடி இருந்தது.

அந்தக் கொட்டிலுக்கு ஒரு வலைக்கதவு இருந்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இவ்வெண்ணம் வீண் கற்பனையன்று, சோதித்துக் காணப்பட்டது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றுச்சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1899இல் இத்தாலியில் ஆஞ்சலோ செல்லி என்பார் புகையிரதத் தொழிலாளர் வீடுகளுக்குக் கம்பிவலை அடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். அப்போதும் ஐயுற்றவர் பலர். 1900ஆம் ஆண்டுக் கோடையில் பற்றிக் மான்சன் என்னும் பேராசான் ஏவியபடி, சம்பன், லோ என்னும் மருத்துவர் இருவரும் வேறு சிலரும் உரோமாபுரிக்கு அணித்தான ஒஸ்தியாச் சதுப்புநிலத்தில் ஒரு மரவீடு அமைத்து வாழ்ந்தனர். யன்னலிலும் கதவிலும் கம்பிவலை. பகலெல்லாம் வெளியே உலாவினர், சேற்றை மிதித்தனர், அவ்வூர் நீரைப் பருகினர். கதிரவன் மறையுமுன் வலைக்குள் புகுந்து, கதிரவன் எழுந்த பின்னரே வெளிவந்தனர். மருந்தொன்றும் உண்டிலர். சுற்றியிருந்த ஊரவர் காய்ச்சலில் நடுங்க, இவர்களுள் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அவ்வாண்டிலேயே உரோமிலிருந்து அனுப்பப்பட்ட நுளம்புகளை இலண்டனில் தம் மகனைக் கடிக்கச் செய்தார் மான்சன். அம்மகனுக்குக் காய்ச்சல் வந்தது. கெட்ட காற்று என்று பொருள்படும் சொல்லிலிருந்தே மலேரியா என்ற பெயர் பிறந்தது. காற்று குற்றவாளியன்று என்பதை ஒரு கம்பிவலை தீர்ப்பளித்துவிட்டது.

நம் நாட்டில் இந்நோய் பரப்பும் தலைமை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். ஆறு வற்றும்போது மணலிற் தங்கும் தெளிந்த குட்டைகளில் அது முட்டையிடும்; இரவில் வரும்; வீட்டுக்குள்ளே சுவரில் இளைப்பாறும். கனகராயன் ஆற்றுக் கரையிற் பிறந்தவர்க்கு அந்தக் குட்டைகள் தெரியும். நாங்கள் மீன்பிடித்து விளையாடியவை. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. அச்செய்தியைக் கேட்டபோது வகுப்பில் இருந்தேன். சிறிதுநேரம் பாடஞ் சொல்ல இயலவில்லை.

சான்றிதழ் வந்த மறுவருடமே, 2017இல், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் வேற்றுநாட்டு நுளம்பு மன்னாரிற் காணப்பட்டதென்று ஆய்வாளர் அறிவித்தனர். இந்திய நகரங்களிலே மலேரியா பரப்புவதிற் பேர்பெற்றது அது. பின்னர் யாழ்ப்பாண நகரிலுங் காணப்பட்டது. இதற்கு ஆற்றுக்குட்டை வேண்டுவதில்லை. வீட்டுக் கிணறும் நீர்த்தொட்டியும் போதும். நோய் இப்போது இங்கில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் குருதியில் அதைக் கொண்டுவந்தால், எடுத்துச் செல்ல ஏவலாள் ஆயத்தமாக இருக்கின்றான். நோய் விமானத்தில் வரும் காலம் இது. 2006இல் அமெரிக்க வேளாண் ஆய்வாளர் சிலர் விமானத்தின் மாதிரி அமைத்து, அதன் வாயிலிற் காற்றுத்திரை பூட்டி, நுளம்புகளையும் இலையான்களையும் விட்டுப் பார்த்தனர். மிகப் பெரும்பாலானவை உட்புக முடியாது நின்றன. பயணிகள் அமர்ந்திருக்க அவர் தலைமேல் நஞ்சு தெளிக்கும் வழக்கத்துக்கு அஃது ஒரு மாற்றாகலாம் என்பது அவர் கருத்து.

இவ்வளவும் படித்து உருவேற்றிக்கொண்டுதான் பாடசாலைச் சபைக் கூட்டத்துக்குப் போனேன். கனடா மாணவர் தந்த பணத்தில் ஒன்றுதான் செய்யலாம். பெட்டி பூட்டலாம், அல்லது மண்டபம் முழுவதற்கும் வலை அடிக்கலாம். எங்கள் கணித ஆசிரியை, பேச்சுச் சுருங்கியவர், “ஐயா, வாசல் ஒண்டு, யன்னல் எட்டு” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அரைமணி நேரம் பேசினேன். எழினியைப் பற்றிப் பேசினேன். வான் கானலைப் பற்றிப் பேசினேன். சபை எனக்கு இணங்கியது. பண்டிதரோடு வாதாட ஒருவரும் விரும்பவில்லை என்பதே உண்மை.

பெட்டி வந்தது, பூட்டினார்கள். கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட மாலை. விசையை அழுத்தினோம். காற்று இரைந்து இறங்கிற்று. வாசலுக்கு வந்த ஈசல் பத்தடி தள்ளி விழுந்தது. மாணவர் கைதட்டினர். சிறிது நேரத்தில் மண்டபம் ஈசலால் நிறைந்துவிட்டது. முன்னிலும் மிகுதியென்றே எனக்குத் தோன்றிற்று.

எங்கள் மண்டபம் போருக்குப்பின் எழுந்தது. அரைச்சுவர், அதன்மேல் எட்டு யன்னல், கூரைக்குங் சுவருக்கும் இடையில் பூக்கல் வரிசை. வெப்பநாட்டு வழக்கப்படி காற்றுக்கென்றே கட்டியது. சாளரத்துக்குப் பழந்தமிழில் காலதர் என்று பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழியெல்லாம் திறந்திருக்க, ஒரு வாயிலிற் காற்றை மறித்து நின்றேன். வவுனியாவிலிருந்து வந்த மின்தொழிலாளி இளைஞர் இன்னொன்றும் விளக்கினார். பெட்டி மண்டபத்தின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அதிற் பெரும்பகுதியை வெளியே தள்ளுகின்றது. வெளியேறிய காற்றுக்கு ஈடாக யன்னல்வழியே புதுக்காற்று உள்ளே வரும். அதனோடு, விளக்கை நோக்கிக் காத்திருந்த பூச்சியும் வரும். “ஐயா, உது பூட்டின அறைக்குத்தான் சரி. கடைக்கு நாலு பக்கமும் கண்ணாடியெல்லே” என்றார். சால்வையை நீட்டிப் பார்த்த நான் கடையின் யன்னலைப் பார்க்கவில்லை.

எட்டு யன்னல் என்று முன்னரே சொன்ன ஆசிரியை அன்று என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அஃது அவருடைய பெருந்தன்மை. பார்த்திருந்தால் ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

வலைக்குப் பணமில்லை. என் சம்பளத்தில் ஒரு பகுதியை வைத்தேன். ஊரவர் சிலர் தந்தனர். தச்சர் ஒருவர் கூலி வாங்காமற் சட்டம் அடித்தார். அங்குலத்துக்கு 16 கண் கொண்ட வலை. எட்டு யன்னலுக்கும் பூக்கல் வரிசைக்கும் தைமாத முடிவிலே அடித்து முடிந்தது. வாசலுக்குத் தானே சாத்திக்கொள்ளும் வலைக்கதவு ஒன்று, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுவையாகக் கட்டியது. வெண்ணிற விளக்கை நீக்கி மஞ்சள் விளக்குப் போட்டோம். பூச்சி அதை அவ்வளவாக நாடுவதில்லை. வலை அடித்தபின் காற்றோட்டம் சற்றுக் குறைந்தது உண்மை. கூரைவிசிறி இரண்டு அதைச் சரிசெய்தன. இப்போது காற்றுத்திரையும் தன் வேலையைச் செம்மையாகச் செய்கின்றது. மாணவர் கூட்டமாக உள்ளே வரும் ஐந்து மணிக்கும் வெளியே போகும் எட்டு மணிக்கும், வலைக்கதவு திறந்தே நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அதை இயக்குகின்றோம். முழுநேரமும் ஓடவிட்டால் இரண்டு மூன்று விசிறி உண்ணும் மின்சாரத்தை அது ஒன்றே உண்ணும்.

சென்ற வாரம் மழை. வகுப்புக்கு முந்திவந்த ஒரு சிறுமி முன்வாங்கில் இருந்தாள். பாலபண்டிதர் வகுப்பிற் சேரும் வயது அவளுக்கில்லை. பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அக்காவோடு வருபவள், வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் முன்னே நன்னூற் சூத்திரங்களை ஒப்புவிப்பவள். நான் விசையை நிறுத்த மறந்து பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

“ஐயா,” என்றாள், “உதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நீங்கள் சொல்லுறது கேக்கேல்லை.”

எழுந்துபோய் விசையை நிறுத்தினேன். வலைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். வலையின் மறுபுறத்தில், மஞ்சள் வெளிச்சத்தின் விளிம்பிலே, நுளம்புகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.